ஜன்னலில் தொங்கிய ஈரச்சாக்கு

எனக்கு அப்போது பத்து வயது. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். சித்திரை வெயிலில் மதியம் உள்ளே உட்கார்ந்தால் தலைக்கு மேல் அடுப்பு எரிவது போல இருக்கும். ஃபேன் இருந்தது, அந்த நேரத்தில் கரண்ட் இருக்காது.

அப்பா லாரி டிரைவர். வெளியூர் போய் வந்தால் பகலில்தான் தூங்குவார். அதற்காக அம்மா ஜன்னலில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அரை மணிக்கு ஒருமுறை அதில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும், அனல் காற்றும் குளிர்ந்து உள்ளே வரும். ஈரச் சணல் வாசனையோடு வரும் அந்தக் காற்றுதான் குழந்தைகளே, எங்கள் வீட்டு ஏசி.

ஒருநாள் அம்மா கோழிப்பண்ணை வேலைக்குக் கிளம்பும்போது, "சாமி, சாக்கு காயாமப் பாத்துக்கோணும். அப்பா பொழுதோட லோடு எடுத்துட்டுப் போகோணும். தூங்குனாத்தான் வண்டி ஓட்ட முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு முறை ஊற்றினேன். அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் பையன்கள் குதிக்கும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு குதி குதித்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்றுதான் போனேன். திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது.

சாக்கு அப்பளம் போல விறைத்துக் கிடந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஈரத் தலையோடு நின்ற என்னைப் பார்த்து, "கெணத்துல தண்ணி மிச்சம் வெச்சியா, பூராத்தையும் குடிச்சுட்டியா?" என்றார். இருவரும் சிரித்தோம். முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். "அப்பா நல்லாத் தூங்குனாரா?" என்று அம்மா வந்து கேட்டபோது தலையாட்டினேன்.

விடிந்ததும் செய்தி வந்தது. ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய லாரி புளியமரத்தில் மோதியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அப்பா கண் அயர்ந்துவிட்டாராம். கிளீனர் அண்ணனுக்குக் காயமில்லை. அப்பாவுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

கட்டோடு வீட்டுக்கு வந்தவரிடம், "ஏனுங்க, தூங்காமயா வண்டிய எடுத்தீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"தூக்கம் வந்தா ஓரங்கட்டியிருக்கோணுங்க. எந் தப்புத்தான்" என்றார் அப்பா.

எல்லோரும் போன பிறகு, "நாந்தானுங்கப்பா தண்ணி ஊத்தல" என்று அழுதேன். இடது கையை என் தலைமேல் வைத்தார்.

"தெரியுஞ் சாமி. அம்மாகிட்டச் சொல்லீராத, அடிப்பா."

முறிந்த வலது கை பழையபடி மடங்கவேயில்லை. லாரியை விட்டுவிட்டார். அம்மாவிடம் நான் இன்றுவரை சொன்னதில்லை; இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

இப்போது எங்கள் வீட்டில் நிஜமான ஏசியே இருக்கிறது. ஆனாலும் மதியம் கரண்ட் போனால் விசிறியை எடுத்துக்கொண்டு அப்பா கட்டிலருகே போய் உட்கார்ந்துவிடுவேன். அவர் குறட்டைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வருகிறது.