மூச்சுக்கு ஒரு தட்டு

நம்புகிறவர்கள் நம்பட்டும். அன்று அந்த அரங்கில் நானூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன். அவர்களுக்குக் கேட்காத ஒன்று எனக்குக் கேட்டது. அவ்வளவுதான்.

இரவுப் பணி ஒத்துவராமல் வேலையை விட்டவன் நான். ஒரு நாடகக் குழுவில் பிராம்ப்டராகச் சேர்ந்தேன். பக்கத்திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும். நடிகர் வரியை மறந்தால் மெதுவாக எடுத்துக் கொடுக்க வேண்டும்.

குழுவை நடத்தியவர் ஒரு பெரியவர். நாற்பது வருடம் மேடையில் நின்றவர். பதினொரு இசை நாடகங்கள் எழுதியவர்; பாட்டும் மெட்டும் அவருடையவையே. கடைசியில் தான் எழுதிய பாட்டே அவருக்கு மறக்கத் தொடங்கியது. நடுவில் நின்றுவிடுவார். மேடைக்குக் கீழே ஆர்மோனியம் வாசிக்கும் மகளுக்கு முகம் சுண்டிப்போகும்.

அன்று நாடகத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டார்.

“டேய் ஆந்தை, இன்னிக்கு மறந்தேன்னா நாளையிலேர்ந்து என் மக என்னை வீட்டுல உக்கார வச்சிருவா. சொல்லிட்டா.”

“நான் எடுத்துக் கொடுக்கறேன் ஐயா.”

“கொடுத்துக் கிழிச்ச. நேத்து நான் மூச்சு வாங்க நின்னேன். நீ முந்திரிக்கொட்டை மாதிரி வரியச் சொல்ற. முதல் வரிசைக்கே கேட்டுச்சு. இனிமே குதிகாலால தட்டுவேன். ஒரு தட்டுன்னா மூச்சு. ரெண்டு தட்டுன்னா மறதி. புரியுதா?”

“புரியுது.”

“மூச்சுக்கு நீ வாயத் திறந்த, நான் செத்தேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இடைவேளையில் ஒப்பனை அறைக்குப் போனார். அந்த அறை என் ஸ்டூலுக்கு நேர் பின்னால். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்.

கடைசிக் காட்சி. அவர் எந்தப் பக்கமாக மேடைக்கு வந்தார் என்று நான் பார்க்கவில்லை. விளக்கு எரிந்தபோது நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, தோளில் சால்வை. பாடினார். குரலில் பிசிறே இல்லை. அந்த விளக்குக்குக் கீழே எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டும். அவருக்கு வியர்க்கவில்லை...

கடைசி வரிக்கு முன்னால் நின்றார்.

டொக்.

ஒரு தட்டு. மூச்சு. நான் வாயைத் திறக்கவில்லை.

மெட்டு ஒரு சுற்று வந்தது. அவர் நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மகள் என்னை முறைத்தாள்.

இன்னொரு சுற்று...

டொக்.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

யோசிக்கவில்லை. இரண்டு. வரியைச் சொன்னேன்.

பாடி முடித்தார். திரை விழுந்தது. கைதட்டல். வணக்கம் சொல்லத் திரையைத் தூக்கினார்கள்.

அவரைக் காணோம்.

தண்ணீர் எடுத்துக்கொண்டு ஒப்பனை அறைக்குப் போனேன். வாசலில் ஒப்பனைக்காரர் உதட்டில் விரலை வைத்தார்.

“சத்தம் போடாதப்பா. இடைவேளையிலேர்ந்து தூங்கறாரு. பாதித் தாடிதான் ஒட்டினேன்.”

“அப்ப பாடினது யாரு?”

“தொண்டை கட்டினா போடற டேப்பு இருக்குல்ல... வேற யாரையாவது நிக்க வச்சு அதப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்.”

உள்ளே நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் தாடி. கை சில்லிட்டிருந்தது.

உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்றார் மருத்துவர். மகள் அழவில்லை.

“அப்பா மறக்காம முடிச்சிட்டாரு” என்றாள்.

தலையாட்டினேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. பசித்தது. சாப்பிட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் ஒப்பனைக்காரரை வழியில் பார்த்தேன்.

“உன்கிட்ட சொல்லலாமான்னு தெரியல” என்றார். “அந்தப் பாட்டு நடுவுல நின்னுச்சுல்ல? அப்ப ரூம்ல அவரு குதிகால் ஒரு தடவ தட்டுச்சு. நெஞ்சு லேசா மேல வந்துச்சு. முழிச்சுக்கறாருன்னு நெனச்சேன். அதுக்குள்ள நீ வரியச் சொல்றது கேட்டுச்சு. அப்படியே அடங்கிட்டாரு.”

மேடையில் ஒரு தட்டு. அறையில் ஒரு தட்டு.

நான் இரண்டையும் கூட்டிவிட்டேன்.