வெறுந்தலையோடு இறங்கிய லைன்மேன்

எண்பதுகளில் திண்டிவனத்தில் நான் குடியிருந்த தெருவுக்கு ஒரு லைன்மேன் வருவார். வழுக்கைத் தலை முழுக்கத் தழும்புகள். மின்கம்பத்தில் காகம் கூடு கட்டி, கம்பிகள் உரசிக் கரண்ட் போன ஒரு சித்திரை மதியம், ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுத் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஏறினார். காகங்கள் கூடையைக் கொத்தின. மேலே போனதும் கூடையைக் கழற்றி, கூட்டைக் குஞ்சுகளோடு அதில் வைத்தார். இறங்கும்போது கொத்தெல்லாம் வெறுந்தலையில் விழுந்தது.

புழுக்கத்தில் எனக்கு எரிச்சல். “கலைச்சிப் போட்டுட்டு ஜல்தியா கரண்ட் குடுங்க” என்றேன்.

“குஞ்சு இருக்குது சார். அதோ அந்த வேப்பமரத்துல வெச்சிட்டு வந்துதான் ஃப்யூஸ் போடுவேன்.”

அவர் நெற்றியில் ரத்தம் வழிந்தது. பொறுக்காமல், காகங்களை விரட்ட ஒரு கல்லை எடுத்தேன்.

“கல்லைக் கீழ போடுங்க சார்!” என்று அதட்டினார். “கொத்திக்கினே கூட வந்தாத்தான் கூடு எங்க போவுதுன்னு அதுங்களுக்குத் தெரியும்.”

கல்லைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் அவருக்கு ஏணி பிடித்தேன். காகம் என்னையும் ஒரு கொத்துக் கொத்தியது. அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. என் தலையில் தழும்பு இருக்கிறது.