முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

நான் இளகிய மனசுக்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நம்பி ஏமாறக்கூடாது. என் வாய் பொல்லாதது. கல்யாணம் முடித்த புதிதில் என் மாமியாரே, "உன்ட வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும் புள்ள" என்று சொல்லியிருக்கிறார். அந்த வாயோடுதான் வாவிக்கரையில் இருக்கிற ஒரு நண்டுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு பெண்களுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன்.

அவித்து ஆறவைத்த நண்டு காலையில் எங்கள் மண்டபத்துக்கு வரும். ஓட்டைக் கழற்றி, சிறு கத்தியால் சதையைக் குலையாமல் எடுத்துக் கிண்ணத்தில் போடவேண்டும். கிண்ணம் பிறகு நீல வெளிச்ச மேசைக்குப் போகும். அந்த வெளிச்சத்தில், சதைக்குள் ஒளிந்திருக்கிற ஓட்டுத் துணுக்கெல்லாம் பளிச்சென்று தெரியும். துணுக்கு இருந்தால் கிண்ணம் திரும்பி வரும். திரும்பி வந்த கிண்ணத்தை, அதை நிரப்பியவளிடம் எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதுதான் என்னுடைய வேலையில் முக்கால் பங்கு.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். மேற்பார்வையாளரான முதல் மாதம் ஒருத்தியின் கிண்ணம் ஒரே நாளில் மூன்று தடவை திரும்பியது. மண்டபத்தின் இந்த மூலையில் நின்றுகொண்டு, அந்த மூலையில் இருந்தவளைப் பார்த்து, "கண்ண வீட்டில வச்சிட்டா வந்த நீ?" என்று கத்தினேன். சிலர் சிரித்தார்கள். அவள் கத்தியைக் கழுவி வைத்தாள். ஏப்ரனை மடித்து மேசையில் வைத்தாள். போய்விட்டாள். அவளுடைய வீட்டுக்கு மூன்று முறை போனேன். மூன்றாம் முறை அவளுடைய புருஷன் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். அவள் வெளியே வரவேயில்லை. அந்தத் தேத்தண்ணி இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொருத்தியையும் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். ஏறாவூரிலிருந்து வருகிற முஸ்லிம் அக்கா ஒருவர் இருக்கிறார், ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவரைத் தனியே கூப்பிடவே கூடாது. "ராத்தா, இஞ்ச ஒருக்கா வாங்க" என்றால் போதும், முகம் வெளுத்து, "என்ன புள்ள, எண்ட மகனுக்கு என்னவும் நடந்திட்டா?" என்று கேட்பார். மகன் கட்டாரில் வேலை செய்கிறான். தனியே கூப்பிட்டுச் சொல்கிற எதுவும் அவருக்குக் கெட்ட செய்திதான். அவருக்கு எல்லார் முன்னாலும், சத்தமாக, பகிடியோடு சொல்லவேண்டும். "ராத்தா, இந்தக் கிண்ணத்தில ஓடு கிடக்கிற கிடைக்கு நண்டு எழும்பி நடக்கப்போகுது" என்பேன். அவர் என்னுடைய சமையலைப் பற்றித் திருப்பி ஒன்று சொல்வார். அடுத்த கிண்ணம் சுத்தமாக வரும்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்த ஒரு பிள்ளை இருக்கிறாள். அவளுக்கு எழுதித்தான் கொடுக்கவேண்டும். நான் எவ்வளவு மெல்லச் சொன்னாலும் அவளுக்கு அது கத்துவதாகத்தான் படும். துண்டுக் கடதாசியில் இரண்டு வரி எழுதி மேசையில் வைத்துவிட்டு நடந்துவிடுவேன். மதியத்துக்குள் சரி அடையாளம் போட்டு அந்தத் துண்டைத் திருப்பித் தருவாள். பள்ளிக்கூடத்தில் எனக்குக்கூட யாரும் இவ்வளவு சரி போட்டதில்லை.

மூன்றாமவள் படுவான்கரைக்காரி. வாவியின் மேற்குக் கரையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், சூரியன் படுகிற கரை. வாவியைக் கடக்கிற பெரிய மிதவைப் படகுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். அவள் தினமும் அந்தப் பாதையில் ஏறித்தான் வேலைக்கு வருவாள். மண்டபத்தில் அவளுடைய கைதான் மிகச் சுத்தமான கை. அவளுடைய கிண்ணம் திரும்பி வந்தாலும் அதிசயம், அவள் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினாலும் அதிசயம். அவளிடம் எதையும் பக்கத்தில் போய், குனிந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அப்படிச் சொல்லாத எதுவும் அவளைப் பொறுத்தவரை சொல்லப்படவில்லை.

இது அவளுடைய தனிப்பட்ட பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர்களில் கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து, வெற்றிலை வைத்துச் சொல்லவேண்டும். கார்டை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் கார்டு அலுமாரிக்குள் போகும், ஆள் கல்யாணத்துக்குப் போகமாட்டாள். கேள்விப்பட்டு வந்தவள் என்ற பெயரை வாங்க இங்கே யாரும் தயாரில்லை. அவள் அந்த ஒழுங்கை வேலைக்கும் கொண்டுவந்திருந்தாள். எனக்கு அதில் என்ன நட்டம்? பத்து அடி நடந்தால் போதும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து புதிய முகாமையாளர் வந்தார். என் தம்பியின் வயது. கெட்டவர் இல்லை. ஆட்களை நிர்வகிப்பது எப்படி என்று ஏதோ பயிற்சிக்குப் போய், ஒரு தடித்த கோப்போடு வந்திருந்தார். முதல் கிழமையே என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க ஒவ்வொராளோட ஒவ்வொரு மாதிரிக் கதைக்கிறீங்க. ஒராளோட பகிடி, ஒராளுக்குக் கடிதம், இன்னொராளுக்குக் காதுக்குள்ள. இது பாரபட்சம். எல்லாருக்கும் ஒரே செய்தி, ஒரே நேரம், ஒரே விதம். அதுதான் நியாயம்."

"சேர், நீங்க அம்மாவோட கதைக்கிற மாதிரியா அப்பாவோட கதைக்கிறீங்க?" என்றேன்.

"இது வீடில்ல அக்கா."

அடுத்த நாள் வட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினார். அதில் அவர் மட்டும்தான் எழுதலாம், நாங்கள் வாசிக்கலாம். மண்டபத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை வந்தது. அதில் எல்லாருடைய பெயரும் இருந்தது. குழுவில் போட்டதைச் செய்யாதவளுக்கு நேரே, அவர் சொல்ல, அலுவலகத்தில் இருக்கிற பிள்ளை வந்து ஒரு சிவப்புப் புள்ளி வைப்பாள். மூன்று புள்ளி விழுந்தால் வேலை இல்லை. எனக்கு மட்டும் தனி உத்தரவு ஒன்று வந்தது. குழுவில் போட்டதை நான் வாயால் திருப்பிச் சொல்லக்கூடாது, சொன்னால் பெண்கள் குழுவைப் பார்க்கப் பழகமாட்டார்களாம்.

நான் கீழ்ப்படிந்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. எனக்கும் சம்பளம் வேண்டும், எனக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மழை முடிந்து, வாவி கடலில் சேர்கிற முகத்துவாரம் திறந்ததும் நண்டு கொள்ளையாக வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை, எல்லாரும் வரவேண்டும் என்று சனிக்கிழமை குழுவில் போட்டார். ஞாயிறு படுவான்கரைக்காரி வரவில்லை. திங்கள் வந்தவள் பலகையில் தன் பெயருக்கு நேரே இருந்த சிவப்பைப் பார்த்தாள், கத்தியை எடுத்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது என்றில்லை. மகளின் தொலைபேசியில் அந்தக் குழு இருந்தது. ஆனால் யாரும் வந்து அவளுக்குச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளுடைய மேசையை நான்கு தடவை கடந்து போனேன். வாய்வரைக்கும் வந்ததை நான்கு தடவையும் விழுங்கினேன். வேண்டாத நேரமெல்லாம் திறக்கிற வாய், வேண்டிய நேரத்தில் மாமியார் சொன்ன பூட்டைப் போட்டுக்கொண்டது. இரண்டாவது புள்ளி விழுந்தது. அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவதும் விழுந்தது.

திங்கட்கிழமை முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை முன்னால் தள்ளினார். அவளை வேலையிலிருந்து நிறுத்துகிற கடிதம். கீழே மேற்பார்வையாளர் கையெழுத்து வைக்க ஒரு கோடு இருந்தது. அந்த முறை வெள்ளத்தில் அவர்களுடைய வட்டை வயல் முழுவதும் தண்ணீருக்குள் போய், ஒரு மூட்டை நெல்கூட வீட்டுக்கு வரவில்லை. அவளுடைய கையால்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. இது எனக்குத் தெரியும், அந்தக் கோப்புக்குத் தெரியாது.

"நான் வைக்கமாட்டன் சேர்."

"மூண்டு தரம் சொல்லி வரல்ல அக்கா."

"ஆரு சொன்ன?"

"குறூப்பில போட்டமே."

"போட்டது நீங்க. சொல்லியிருக்கவேண்டியது நான். நான் சொல்லல்ல, நீங்க சொல்லவேணாமெண்டீங்க. அவ வரல்ல. இதில அவட பிழை எங்க இருக்கு?"

அவர் பேனையை என் பக்கம் நகர்த்தினார். நான் எழும்பி மண்டபத்துக்கு வந்தேன். பலகையில் தொங்கிய சிவப்புப் பேனையை எடுத்து, பட்டியலின் கடைசியில் என் பெயரை எழுதி, அதற்கு நேரே மூன்று புள்ளி வைத்தேன். அழுத்தி வைத்ததில் ஒரு புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

"என்ன புள்ள இது, உனக்கு நீயே குத்துறாய்?" என்றார் ராத்தா.

"சொல்லாம விட்டது நான், ராத்தா. மூண்டு கிழமையும் சொல்லாம விட்டன். அவவுக்கு மூண்டெண்டா எனக்கும் மூண்டு."

அன்று பின்னேரமே என் தொலைபேசிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நாளை காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்கு வந்து விளக்கம் தரவேண்டும், தவறினால் ஒழுக்காற்று நடவடிக்கை. வாசித்தேன், இரண்டு தரம் வாசித்தேன். பயமில்லாமல் இல்லை. ஆனால் அதைவிடக் கோபம் வந்தது. அலுவலகத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் நாற்பது அடிகூட இல்லை. அந்த நாற்பது அடி நடக்க முடியாத மனிதர் என்னை வெருட்டுகிறார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு நான் நீல வெளிச்ச மேசையில் நின்றேன். ஒன்பதரைக்கு அலுவலகப் பிள்ளை ஓடிவந்தாள். "அக்கா, சேர் காத்துக்கொண்டிருக்கார். கடிதம் கிடைக்கல்லையா?"

"எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல எண்டு போய்ச் சொல்லு."

அவள் போனாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. மண்டபத்துக்குள் வருவதென்றால் தலைக்கு வலைத்தொப்பி போட்டு, பூட்ஸ் மாட்டி, கை கழுவித்தான் வரவேண்டும். முகாமையாளர் அதுவரை உள்ளே வந்ததேயில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பார்ப்பார். மிஞ்சிக் கிடந்த சின்ன அளவு பூட்ஸுக்குள் காலைத் திணித்துக்கொண்டு, முடவனைப் போல நடந்து வந்தார். கையில், நான் கையெழுத்து வைக்காத அந்தக் கடிதம் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, கஷ்டப்பட்டு.

"அக்கா, உங்களுக்கு..." என்று தொடங்கினார்.

"சேர், என்னை நிப்பாட்டப் போறீங்களெண்டா இதில வச்சே சத்தமாச் சொல்லுங்க. எனக்குச் சத்தமாச் சொன்னாத்தான் ஏறும். அவவை நிப்பாட்டப் போறீங்களெண்டா கிட்டப் போய் மெதுவாச் சொல்லணும். ஆனா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. எங்க ரெண்டு பேருக்கும் அது மட்டும்தான் ஒண்டு."

அவர் என்னைப் பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "எந்த மேசை?" என்று கேட்டார். மூன்று கிழமையாக அவள் பெயருக்கு நேரே சிவப்பு வைக்கச் சொன்ன மனிதருக்கு அவள் எந்த மேசை என்று தெரியாது. கையைக் காட்டினேன்.

அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கடிதத்தை வாசிக்கத்தான் வந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் நிமிரவில்லை. நண்டுத் தண்ணீர் ஊறி வெளுத்துப்போன அவளுடைய விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்தார்.

"இந்த ஞாயிறும் வேலை இருக்கு. உங்களுக்கு வர ஏலுமா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பேசுவதற்காக அவள் கத்தியை வைத்ததை நான் அன்றுதான் கண்டேன்.

"ஏலும் சேர். ஞாயிற்றுக்கிழமையில கடைசிப் பாதை மூண்டு மணிக்கு. அதுக்கு முதல் விட்டீங்களெண்டா வாறன். அத விட்டா அக்கரைக்குப் போக வழியில்ல."

"இத முதலே சொல்லியிருக்கலாமே?"

"ஆருக்கிட்டச் சொல்ற? அந்தக் குறூப்பில நாங்க எழுதேலாதே. நீங்க வந்து சொன்னாத்தானே நானும் ஒண்டு சொல்லலாம்."

அவருக்கு விழுந்த அதே அடி எனக்கும் விழுந்தது. அவளுடைய மானத்தைப் பற்றி, வெற்றிலை வைத்துச் சொல்கிற வழக்கத்தைப் பற்றியெல்லாம் நான் மனசுக்குள் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தேன். கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவேயில்லை. அவளை எனக்குத் தெரியும் என்ற எண்ணத்தில் நானும்தான் அவள் மேசையை நான்கு தடவை கடந்து போனேன்.

முகாமையாளர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "ரெண்டரைக்கு விடுறன்" என்றார். ஞாயிறு அவள் வந்தாள். இரண்டரைக்குக் கை கழுவிவிட்டுப் போனாள்.

குழு இன்னும் இருக்கிறது. எல்லாரும் எழுதலாம் என்று மாற்றிவிட்டார். முதல் நாளே ராத்தா நாற்பது பூப்படம் போட்டு அவரைத் திணறடித்தார். எனக்கு வந்த எச்சரிக்கைக் கடிதமும் என் தொலைபேசியில் அப்படியே கிடக்கிறது. அதற்கு நான் பதில் எழுதவில்லை, எழுதப் போவதுமில்லை.

அடுத்த திங்கள் அவரே துணியோடு வந்து படுவான்கரைக்காரியின் மூன்று புள்ளிகளையும் துடைத்தார். பிறகு என் பெயருக்கு நேரே துணியைக் கொண்டுபோனார். நான் அவருடைய கையைத் தடுத்தேன்.

"அது கிடக்கட்டும் சேர். அது நீங்க வைக்கச் சொன்னதில்ல."

அந்த மூன்று புள்ளிகளும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, ஒன்று கொஞ்சம் பெரிதாக. சனிக்கிழமைகளில் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு மேசையாகப் போகிறேன். சொல்லிவிட்டு, பதில் வரும்வரைக்கும் அங்கேயே நிற்கிறேன்.