மூட்டை குளிக்கவில்லை

போன வருடம் புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதுரை வில்லாபுரத்தில், எங்கள் வீட்டு அடுப்படி வாசலில், காலை ஒன்பது மணி வெயிலில் எங்கள் பூனையை மடியில் படுக்கவைத்து அதன் பிடரியில் ஒரு மருந்தை ஊற்றினேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்தான் ஊற்றினேன். மத்தியானத்துக்குள் அது சாகக் கிடந்தது.

பூனையின் பெயர் மூட்டை. அப்பா வெங்காய மண்டியில் சுமை தூக்குகிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், இறக்கப் போன மூட்டையின் மேல் நனைந்துபோய்க் கிடந்த குட்டியைத் தலைத்துண்டில் சுற்றி எடுத்து வந்தார். "மூட்டையோட மூட்டையா வந்துருச்சு" என்றார். அதுவே பெயராகிவிட்டது. வேலை முடிந்து வந்ததும் அப்பாவின் கண் முதலில் அதைத்தான் தேடும். கையில் ஏதாவது தாள் இருந்தால் மட்டும் என்னைத் தேடும்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா கைநாட்டு. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததெல்லாம் எனக்குச் சோறு கொண்டுவந்து கொடுக்கத்தான். நான் பி.காம். முடித்துவிட்டு, தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் மனுக்கள் டைப் செய்கிறேன். கரண்டு பில், மாத்திரை அட்டை, பக்கத்து வீட்டு அக்காவின் பத்திர நகல் எல்லாவற்றையும் படித்துச் சொல்வது நான்தான். "எம்மக படிச்சுச் சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்று அப்பா தெருவில் சொல்வதைக் காதாலேயே கேட்டிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆவணிக் கடைசியில் மூட்டை ஓயாமல் சொறிய ஆரம்பித்தது. ரோமத்தை விலக்கினால் சின்னச் சின்னதாக ஏதோ ஓடியது. விரலால் அமுக்கப் போனால் துள்ளி மறைந்தது. அம்மாவின் கணுக்காலிலும் கடித்த தடிப்புகள்.

"மூட்டைக்கு மூட்டப்பூச்சி வந்துருச்சு" என்று அம்மா சிரித்தார்.

"மூட்டப்பூச்சி எங்கிட்டுத் துள்ளும்? இது தெள்ளு" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் பூனையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு மூணு வாரமா இது குளிக்கவே மாட்டேங்குது தாயி. அதுலதேன் இம்புட்டு ஏறிப்போச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூனை என்னைக்குப்பா குளிச்சுச்சு? தண்ணியக் கண்டாலே ஓடும்." வீட்டைக் கூட்டாமல் போட்டால் இப்படித்தான் என்று அம்மாவையும் ஒரு பிடி பிடித்தேன். பூனையைச் சீவினால் மண் மாதிரி கறுப்புத் துகள் உதிர்ந்தது. வீட்டு மண்தான் பூனையில் ஒட்டியிருக்கிறது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

சனிக்கிழமை வேலை விட்டு வரும் வழியில், நாய், பூனைத் தீனி விற்கிற ஒரு கடைக்குப் போனேன். தெள்ளு என்று கேட்டால் கடையில் சிரிப்பார்களோ என்று, "உண்ணி மருந்து குடுங்க" என்றேன். உண்ணி என்றால் பெரும்பாலும் நாய்க்கு வருவது என்பது கடைக்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவர் ஒரு சின்னக் குழாயையும் மடித்த தாள் ஒன்றையும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் குழாயில் நாய்ப் படம். பத்து கிலோ வரை உள்ள நாய்க்கு ஒரு குழாய் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

அப்போதாவது திரும்பிக் கேட்டிருக்கலாம். நான் கணக்குப் போட்டேன். மூட்டை மூன்றரை கிலோ. அப்படியென்றால் குழாயில் மூன்றில் ஒரு பங்கு. அப்பாவிடம் இதை விளக்கமாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மடித்த தாளை நான் பிரிக்கவில்லை. ஆபீஸில் ஒரே பக்கமுள்ள ஒப்பந்தம் வந்தாலும் கடைசி வரியின் பொடி எழுத்து வரைக்கும் படிக்கிறவள், இதைப் பிரிக்காமலே கைப்பையில் போட்டுவிட்டேன்.

ஞாயிறு பதினொன்றரை இருக்கும். மூட்டையின் காது துடித்தது. ஈயை விரட்டுகிறது என்று நினைத்தேன். பிறகு முன்னங்காலை ஈரத்தை உதறுவது மாதிரி உதறியது. நடக்கப் பார்த்தது, பின்னங்கால் மடிந்து விழுந்தது. வாயில் நுரை. உடம்பு முழுக்க ஒரே நடுக்கம், மாவு மிசினில் கை வைத்த மாதிரி.

அப்பா அதை வெங்காயம் போடும் பிளாஸ்டிக் கிரேட்டில் வைத்து, துண்டால் மூடித் தூக்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற பிராணி ஆஸ்பத்திரி ஒன்றை நான் போனில் தேடிக் கண்டுபிடித்தேன். தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது.

"கொஞ்சம் வெரசாப் போங்கண்ணே, மூட்டைக்கு ரொம்ப முடியல" என்றேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் வெங்காயக் கிரேட்டைப் பார்த்தார். "மூட்டைக்கு முடியலையா? அழுகிப்போச்சாத்தா?" துண்டுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் வண்டியை முடுக்கினார். சிக்னலில் மட்டும் திரும்பி, "என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டார்.

"மருந்து ஒத்துக்கல" என்றார் அப்பா. அவ்வளவுதான். வழியெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். பூனையைப் பார்த்ததும் பிடரியை மோந்து பார்த்தார். "என்ன மருந்து போட்டீங்க? யாரு போட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நாந்தேன் மேடம். படிக்கத் தெரியாதவன். எந்த மருந்துன்னு தெரியாமப் போட்டுவிட்டுட்டேன்."

அந்த ஒரு நொடியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். படிக்கத் தெரியாது என்று சொல்ல அப்பா எவ்வளவு கூசுவார் என்று எனக்குத் தெரியும். பேங்கில் மை தடவிக் கட்டைவிரல் வைத்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் வேட்டி மடிப்பில் துடைத்துக்கொள்கிறவர். அதையே எடுத்து என் முன்னால் மறைப்பாகப் பிடித்துவிட்டார். ஆட்டோவில் என்னைப் பார்க்காமல் வந்தது கோபத்தில் இல்லை, என்னைக் கூசவைக்கக் கூடாது என்றுதான்.

"இல்ல மேடம், நான்தான் போட்டேன்" என்றேன். "நாய்க்கானதுன்னு படிச்சுட்டுத்தான் போட்டேன். எடைக்குத் தக்கனக் கணக்குப் போட்டுப் போட்டேன்."

கைப்பையிலிருந்து குழாயையும் தாளையும் எடுத்து நீட்டினேன். டாக்டர் தாளைப் பிரித்து ஒரு இடத்தில் விரல் வைத்தார். கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் இருந்தது. பூனைகளுக்குப் போடவே கூடாது. பொடி எழுத்துகூட இல்லை.

"இதுல இருக்கிற ஒரு மருந்த நாயோட உடம்பு முறிச்சு வெளிய தள்ளிடும். பூனையால முடியாது. கொஞ்சமாப் போட்டாலும் நரம்புல ஏறிடும். கணக்கெல்லாம் இதுக்குச் செல்லாது." குரலில் திட்டு இல்லை. அதுவே எனக்கு அதிகமாக வலித்தது.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? நடுக்கம் அடங்க ஊசி போட்டுவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில், சாதாரணமாகப் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவத்தைக் கலந்து, மூட்டையைக் கழுவினார். ஒரு முறை இல்லை, மூன்று முறை. கழுவிக் கழுவி அந்த எண்ணெய்ப் பசை போனதா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்தார். உடம்பு குளிர்ந்துவிடக் கூடாது என்று துண்டில் சுற்றி, சுடுதண்ணீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தார். மனுவில் ஒரு எழுத்துப் பிழை வந்தால் அழித்துவிட்டுத் திரும்ப அடிக்கிறவள் நான். ஒரு பிழையைத் தோலிலிருந்து கழுவி எடுப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னும் ஒரு நாள் தாண்டினாத்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர். அப்பா ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சிலேயே ராத்திரியைக் கழித்தார். மறுநாள் காலையில் நேராக அங்கிருந்தே மண்டிக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை போனபோது நடுக்கம் நின்றிருந்தது. மூட்டை படுத்தபடியே தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தது. டாக்டர் ஒரு நெருக்கமான சீப்பால் அதைச் சீவி, விழுந்த கறுப்புத் துகளை ஈரப் பஞ்சில் தட்டினார். பஞ்சில் சிவப்புப் படர்ந்தது.

"மண்ணுன்னு நினைச்சீங்களா? தெள்ளுப்பூச்சியோட கழிவு. எல்லாம் இதோட ரத்தம்தான்."

தெள்ளு என்றே சொன்னார். அப்பா என்னைப் பார்க்கவில்லை, ஆனால் மீசை அசைந்தது. அம்மாவைத் திட்டியது என் நினைவுக்கு வந்தது.

"எனக்கு ஒண்ணு புரியல" என்றார் டாக்டர். "வளந்த பூனை இவ்வளவு பூச்சிய விட்டுவைக்காது. ஐயா, இது தன்னத்தானே நக்கிச் சுத்தம் பண்ணிக்குதா?"

"அதத்தேன் மேடம் நான் சொன்னேன்" என்றார் அப்பா. "குளிக்கவே மாட்டேங்குதுன்னு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தினம் காலையில் மூட்டை வெயிலில் உட்கார்ந்து, கையை நக்கி முகம் துடைத்து, முதுகு, வால் என்று முடிக்கிற அந்த வேலைக்கு அப்பா வைத்திருந்த பெயர் குளியல். அது நின்றுபோனதை இந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான் கவனித்திருந்தார். நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்திருந்தேன்.

டாக்டர் உடனே மூட்டையின் உதட்டை மெல்ல விலக்கினார். ஈறு ரத்தச் சிவப்பு. கடைவாய்ப் பல் ஒன்றில் மஞ்சள் காரை ஏறி, வேரில் சீழ். "பாருங்க. வாய் முழுக்க வலி. எப்படி நக்கும்? சாப்பாடு ஒரு பக்கமா மெல்லுதா?"

"ஆமா. மீன் தலைய உருட்டி உருட்டி வச்சுட்டுப் போயிரும்."

பிறகு நாக்கைக் காட்டினார். சொரசொரப்பு என்பது கையை நக்கும்போது தெரியும். பக்கத்தில் அப்போதுதான் பார்த்தேன். வரிசை வரிசையாகச் சின்னக் கொக்கிகள், எல்லாம் தொண்டைப் பக்கம் வளைந்து. ஒரு சீப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு பிறந்த உயிர். நாக்கால் சீவி, முன்பற்களால் கொறித்துப் பூச்சியை எடுக்கிறது. வாய் வலியில் அந்த வேலை நின்றதும் உடம்பு முழுக்கப் பூச்சி. நானோ காரணத்தை வீட்டுத் தரையில் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக அந்த வலியோடு என் மடியில் வந்து படுத்திருக்கிறது, ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

உடம்பு தேறிய பிறகு மயக்கம் கொடுத்து அந்தப் பல்லை எடுத்தார்கள். வீட்டுக்கு வரும்போது டாக்டர் சொல்லி அனுப்பியவை இவை. மாதா மாதம் பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்து, நாக்குக்கு எட்டாத பிடரியில். படுக்கும் சாக்கும் போர்வையும் வெந்நீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். பல்லுக்குச் சின்ன பிரஷ், பூனைக்கான பேஸ்ட். நாம் தேய்க்கிற பேஸ்ட் ஆகாது.

"பூனைக்குப் பல்லு வெளக்கி விடணுமா?" அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. "எனக்கே எங்காத்தா வெளக்கி விட்டதில்லயே."

"அதான் ஒம் பல்லப் பாத்தாலே தெரியுதே" என்றார் அம்மா.

பல் எடுத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா வாசலில் நின்று, பேசாதே என்று கை காட்டினார். அடுப்படி வாசலில், நான் மருந்து ஊற்றிய அதே இடத்தில், மூட்டை வெயிலில் உட்கார்ந்திருந்தது. வலது கையைத் தூக்கி ஒரு முறை நக்கியது. நிறுத்தி யோசித்தது. இன்னொரு முறை நக்கியது. பிறகு அந்தக் கையால் காதுக்குப் பின்னாலிருந்து முகத்தை வழித்தது. கழுத்து, தோள், ரோமம் மழிக்கப்பட்ட ஊசித் தழும்பு, வயிறு என்று ஒரு இடம் விடாமல். அம்மாவும் வந்து சேர, மூன்று பேரும் கோயிலில் நடை திறக்கிறபோது நிற்கிற மாதிரி நின்றிருந்தோம். எனக்கு பஸ் போய்விட்டது.

"குளிச்சிருச்சு" என்றார் அப்பா.

"ஆமாப்பா, குளிச்சிருச்சு" என்றேன்.

இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிற தாள்களை எல்லாம் நான்தான் படிக்கிறேன், மடித்தவற்றையும் பிரித்துப் படிக்கிறேன். ஆனால் எழுத்தே இல்லாமல் கண்ணெதிரில் நடப்பதை எங்கள் வீட்டில் படிக்கிறவர் அப்பா என்பதும், அவர் ஒரு சொல் சொன்னால் சிரிப்பதற்கு முன் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு காலையும் மூட்டை கையைத் தூக்கி முகம் துடைக்கும்போது எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது.