கதவுக்கு இந்தப் பக்கம்

ஆரணியில் நாய், பூனைகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் கிளினிக்கில் என் பூனையோடு காத்திருந்தபோதுதான் அந்த நெசவாளியைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். சட்டைக் காலரில் பச்சைப் பட்டிழை ஒன்று ஒட்டியிருந்தது, அவருக்குத் தெரியாமல்.

அவருடைய கிழட்டு நாயை உள்ளே கொண்டுபோய், அவரை மட்டும் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே நாய் மேசையில் திமிறும் சத்தம் கேட்டது.

"இப்படி ஆடிகினே இருந்தா படம் விழாதுங்க!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

அவர் எழுந்து போய், கதவின் அடிப்பலகையைக் காலால் மிதிக்கத் தொடங்கினார். தறி மிதிக்கும் அதே தாளம். உள்ளே அமைதியாகிவிட்டது.

"தறிக்குழியில என் கால்கிட்டதாங்க படுத்துகினு இருக்கும். இந்த சத்தம் கேட்டா நான் இருக்கறேன்னு அதுக்குத் தெரியும்."

"வீட்டுல வேற யாருங்க?"

"அது ஒண்ணுதாங்க இருக்குது."

டாக்டர் வெளியே வந்து படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வயிற்றிலிருந்த பெரிய கட்டியைக் காட்டினார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். நெசவாளி தலையாட்டிவிட்டு, நாயை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அது தூங்கிப்போனது.

அவர் கால் மட்டும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. யாருக்குக் கேட்கவென்று எனக்குத் தெரியவில்லை.