அக்காவின் தாடைப் படம்

காலை ஒன்பது இருபது. முதலில் கண்ணில் பட்டது, வெள்ளை வெளிச்சத்தில் மாட்டியிருந்த அக்காவின் தாடை எக்ஸ்ரே. காதிலிருந்து காது வரை விரித்த ஒரே படத்தில் எல்லாப் பற்களும் இருந்தன. கீழ்வரிசையின் நடுவில் நான்கு பற்களைச் சுற்றி மட்டும் எலும்பு பாதி வேர் வரை இறங்கியிருந்தது.

திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் பல் டாக்டரின் அறை அது. அக்கா கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். வயது அறுபத்தொன்று, சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். அந்த நான்கு பற்களும் ஆடின. ஒரு வருடமாக முன்பல்லால் அவள் எதையும் கடித்ததில்லை. கொய்யாவைக்கூடக் கத்தியால் சீவி, கடைவாயில் ஒதுக்கித்தான் தின்றாள். நான்கையும் பிடுங்கச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அவளுடைய பயம்.

படம் எடுக்குமுன் தோடு, மூக்குத்தி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். மூக்குத்தி வரப் பத்து நிமிடம் ஆயிற்று. அதைக் கடைசியாகக் கழற்றி முப்பது வருடம் இருக்கும். கைக்குட்டையில் முடிந்து நான் வைத்துக்கொண்டேன். அசையாமல் நின்றவளின் தலையைச் சுற்றி இயந்திரம் மெல்ல நகர்ந்தது. வெளியே வந்ததும், "நான் எத்தினி வாட்டி மலைய சுத்தியிருப்பேன். இன்னிக்கி ஒரு மிஷினு என்னைய சுத்துதுடா" என்றாள்.

டாக்டர் இளம் பெண். பேனா முனையால் எலும்பின் விளிம்பைக் காட்டினார்.

"சர்க்கரை ஜாஸ்தியாவே இருந்தா ஈறு கெட்டு, எலும்பு இப்படித்தான் கரையும்மா. கன்ட்ரோல்ல வச்சிருக்கீங்களா?"

அக்கா ரப்பர் பேண்ட் போட்ட லேப் சீட்டுகளைப் பெருமையாக நீட்டினாள். எல்லாம் நல்ல எண்கள். டாக்டர் எண்களைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு தேதிகளைப் பார்த்தார்.

"இதெல்லாம் எந்த நாள்ல எடுப்பீங்க?"

"பௌர்ணமிக்கு மறுநாளு. வேற எப்ப டவுனுக்கு வர்றேன்? பகலெல்லாம் விரதம் இருந்து, மலைய சுத்திட்டு, காத்தால ரத்தம் குடுத்துட்டு பஸ் ஏறிடுவேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "பட்டினி கிடந்து பதினாலு கிலோமீட்டர் நடந்தா யாருக்குத்தான் கம்மியா காட்டாது? மத்த நாள்ல?"

அக்கா சீட்டுகளுக்குத் திரும்ப ரப்பர் பேண்டைப் போட்டாள். "டீக்கு மூணு ஸ்பூன், டாக்டர்" என்றேன்.

"நீ சும்மா இர்றா. பேப்பர்ல எழுதறவன் புத்தி போவுதா பாரு."

டாக்டர் ஆறு மாதம் கெடு வைத்தார். ஈறுகளைச் சுத்தம் செய்து, ஆடும் பற்களை உள்பக்கமாக மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டினார். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். "இது பௌர்ணமிக்கு ஏமாறாதும்மா. கரைஞ்ச எலும்பு போனதுதான். இதுக்கு மேல இறங்கலன்னா பல்லை எடுக்க வேணாம்."

மறுநாளே அக்கா ஏரிக்கரையில் நடக்கத் தொடங்கினாள். டீயில் சர்க்கரை நின்றது. தட்டில் சோறு பாதியானது. போனில் நடையைப் பற்றிக் கேட்டால், "சாமிக்கு பௌர்ணமி இருக்குது. இது என் தாடைக்குடா" என்பாள்.

ஆறாம் மாதம் இரண்டாவது படம். மூக்குத்தி இந்த முறை ஒரே நிமிடத்தில் கழன்று என் கைக்குட்டைக்கு வந்தது. முந்தின நாளே எண்ணெய் விட்டு வைத்திருந்தாள். டாக்டர் இரண்டு படங்களையும் அருகருகே மாட்டி அளந்தார். எலும்பின் கோடு பழைய இடத்திலேயே நின்றது. ஒரு வேரின் ஓரத்தில் இருந்த கருப்புப் பள்ளம் சற்று நிரம்பிக்கூட இருந்தது. ரத்தத்தில் சர்க்கரையின் சராசரியும் நன்றாக இறங்கியிருந்தது. கம்பியை எடுத்துவிட்டு, டாக்டர் ஒவ்வொரு பல்லாக அசைத்துப் பார்த்தார்.

"நாலு பல்லும் உங்களுக்குத்தான்மா."

"பின்ன, யாருக்காம்?" என்றாள் அக்கா. படியிறங்கும்போது அவள் என்னிடம் மூக்குத்தியைக் கேட்கவே மறந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் கொய்யா விற்கிற பெண் வழக்கம்போலக் கத்தியை எடுத்தாள். "சீவாத. நல்லா பழுத்ததா பாத்து முழுசா குடும்மா" என்றாள் அக்கா.

பஸ் புறப்பட்டபோது, ஜன்னலோரம் அவள் கையில் இருந்த பழத்தில் கீழ்வரிசைப் பற்கள் நான்கின் தடம் இருந்தது.