சீமைப் பெண்ணின் கண்ணைத் திறக்கப் போனேன்

ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போன வருஷம், ஆவணி மாதம். திருச்சியில் காலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டிய பஸ், கரி பற்றாமல் எட்டரைக்குத்தான் நகர்ந்தது. பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டியிருந்தார்கள். மேடு வந்த இடமெல்லாம், டிக்கெட் வாங்கிய குற்றத்துக்காக நாங்கள் இறங்கி நடந்தோம். புதுக்கோட்டை முப்பத்துமூன்று மைல். அங்கே பஸ் மாறினால் திருமயம் பன்னிரண்டு மைல், நாலணா.

நான் பள்ளிக்கூடத்துச் சித்திர வாத்தியார். திருமயத்துப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் வின்லோவின் அசல் படம் தொங்குகிறது, அதில் சின்ன வேலை ஒன்று இருக்கிறது என்று துணிக்கடை நண்பர் சொன்னதும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வின்லோ, விக்டோரியா ராணி காலத்துச் சீமை ஓவியர். மற்றவர்கள் போரையும் புத்திமதியையும் எழுதிக்கொண்டிருந்தபோது, அழகைத் தவிர வேறொன்றையும் எழுத மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர். படத்தில் கதையே இல்லையே என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அவர் பாட்டுக்கு ஒரு துணி மடிப்பை மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார். லைப்ரரிப் புத்தகத்தில் அவரைக் கறுப்பு வெள்ளையாகவே பார்த்து வந்த எனக்கு, அந்த வர்ணத்தை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பைத்தியம்.

திருமயத்தில் மாட்டுவண்டி பிடித்தேன். ராயவரம் சாலையில் ஒரு ஊர். பெயர் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள்.

"தூங்குற பொம்பள படத்துக்கா போறீங்க?" என்றார் வண்டிக்காரர்.

"ஊருக்கே தெரியுமா?"

"தெரியாம என்ன? வெளக்கு வைக்கிற நேரத்துக்கு அது மேல பட்டுத் துண்டப் போட்டு மூடிருவாக. அந்நேரத்துல பொம்பள தூங்குனா வீட்டுல லெச்சுமி தங்காதுல்ல."

இரண்டு மணிக்கு வீட்டை அடைந்தேன். வீட்டு ஆச்சிக்கு நாற்பது வயதிருக்கும். மோர் கொடுத்துவிட்டு, முகப்பு அறைக்கு அழைத்துப் போனார். கடலோரத்துச் சலவைக்கல் பலகையில் ஒரு பெண் சாய்ந்து தூங்குகிறாள். உடுத்தியிருப்பது பழுத்த நார்த்தங்காயின் மஞ்சள். அந்த மஞ்சளைப் புத்தகம் எனக்குக் காட்டவே இல்லை. கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

"கண்ணத் தெறந்து விடணும் வாத்தியாரே" என்றார் ஆச்சி.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. கோயில் சிலைக்குக் கண் திறப்பதுபோல, மூடிய இமைமேல் விழி எழுதச் சொல்கிறார். படத்தை வாங்கி வந்தவர் அவர் வீட்டுக்காரர். பர்மாவிலிருந்து காட்டுவழியாக நடந்து கிளம்பினார் என்று மாசியில் தகவல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"இவ தூங்குறதாலதான் அவுக வரலேங்கிறாக எல்லாரும். எனக்கு வேற என்ன செய்யிறதுன்னு தெரியல."

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு படத்துக்காக அந்த அம்மாளின் நம்பிக்கையைத் தட்டிவிட நான் யார்? வர்ணப் பெட்டியைத் திறந்தேன்.

"யாரு இந்தப் பொண்ணு? தொரைக்குச் சம்சாரமா?"

"இல்லீங்க ஆச்சி. அவரு கல்யாணமே பண்ணிக்கல. இது தெருவுல பூ வித்த பொண்ணு. படம் எழுத உக்கார வச்சாரு. காலையிலேர்ந்து நடந்த அலுப்பு, அப்படியே தூங்கிட்டா. எழுப்ப அவருக்கு மனசு வரல. தூங்குறதையே எழுதிட்டாரு."

ஆச்சி படத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

"நடந்த அலுப்பா?"

"ஆமாங்க."

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பெட்டியை அவரே மூடினார்.

"வேணாம் வாத்தியாரே. தூங்கட்டும். அவுகளும் எங்கிட்டாச்சும் ஒரு மரத்தடியில இப்படித்தான் கண்ணசந்திருப்பாக. அவுகள யாரும் எழுப்பிறக் கூடாது."

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். இலையில் என்ன இருந்தது என்று நினைவில்லை.

மறுநாள் பிற்பகல் திருச்சிக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் அரிசி பாதி புடைத்தபடி கிடக்க, முறத்தின் பக்கத்திலேயே என் மனைவி தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அவளோடு குடும்பம் நடத்துகிறேன். அவள் தூங்கும் முகத்தை நான் நின்று பார்த்ததில்லை. நல்ல பசி. சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.